வெறுங்காலோடு வந்தார் என் வீட்டுக்காரர்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவைத் தொலைத்துவிட்டோம். அரங்கன்தான் தேடிக் கொடுத்தான். அடியார்களே, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் எடமலைப்பட்டி புதூரில் குடியிருக்கிறோம். அப்பா மருங்காபுரியில் தனியாக இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. மறுநாள் திருச்சியில் ஆபரேஷன். பஸ் போர்டு படிக்க முடியாது. எதிரே வருகிறவரைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். பார்க்க முடியாத போன் எதற்கென்று அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். சர்க்கரை வேறு, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரை அழைத்து வருவது என் வீட்டுக்காரர் பொறுப்பு.

என் வீட்டுக்காரர் துவாக்குடியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். தங்கமான மனிதர். அடிக்கடி குடிக்கிறவர் இல்லை, ஆனால் குடித்தால் வேகம். அன்று பட்டறையில் கூட வேலை செய்கிறவருக்குப் பெண் பிறந்ததென்று விருந்து. பிரியாணிக்கு வயிற்றில் இடம் வேண்டுமென்று காலை இட்லியைக்கூடத் தொடாமல் போனார். பிரியாணி வர நேரமாகிவிட்டது. பாட்டில் நேரத்துக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் தனியாக வீட்டுக்கு வந்தார். "அப்பா எங்கேங்க?" என்றேன்.

"நான் பஸ் ஸ்டாண்டே போகலையே" என்றார். தடுமாறவில்லை, உளறவில்லை. சத்தியம் வேறு பண்ணினார்.

அப்பாவோடு அதே பஸ்ஸில் வந்த ஊர்க்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "உங்க வீட்டுக்காரருதான் கையைப் புடிச்சு எறக்கிக் கூட்டிட்டுப் போனாரு அக்கா, நான் பாத்தேனே" என்றாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. விருந்தில் சிரித்துக்கொண்டிருந்தது ஞாபகம். அப்புறம் எங்கள் கேட்டைத் திறந்தது ஞாபகம். நடுவில் ஒன்றுமே இல்லை. "யோசிங்க" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கண் தெரியாத மனிதர் எந்த ரோட்டில் நிற்கிறாரோ, சாப்பிட்டாரோ இல்லையோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பூஜை அலமாரி முன்னால் போய் விழுந்தேன். "ரங்கா, இவருக்கு ஞாபகத்தைக் கொடு" என்று கத்தித்தான் கேட்டேன். தலையை நிமிர்த்தும்போது பக்கத்தில் நின்ற இவரின் கால் கண்ணில் பட்டது. பாதமெல்லாம் ரோட்டுப் புழுதி. ஓடிப்போய் வாசலில் பார்த்தேன். செருப்பே இல்லை. வெறுங்காலோடுதான் வந்திருக்கிறார். சட்டைப் பையைத் துழாவினேன். வாடாத துளசி.

செருப்பை விட்டது ஏதோ கோவில் வாசலில். துளசி என்றால் பெருமாள். அப்பாவோ திருச்சிக்கு வந்தால் அரங்கனைப் பார்க்காமல் எங்கள் வீட்டுப் படி ஏறாதவர். உடனே ஆட்டோ பிடித்தோம். காவிரிப் பாலம் அன்றைக்கென்று நீண்டுகொண்டே போனது.

ஸ்ரீரங்கத்தில் கோபுர வாசல் ஓரமாக அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் தொன்னையில் புளியோதரை. யாரோ ஒரு மாமி வாங்கிக் கொடுத்தாராம். பக்கத்தில் மாப்பிள்ளையின் செருப்பு.

"எங்கப்பா போனீங்க?" என்று அழுதேன்.

"நான் எங்க போனேன்? மாப்பிள்ளைதான் காப்பி வாங்கிட்டு வர்றேன்னு போனாரு. செருப்பு இங்க கெடக்கு, வராம எங்க போயிடப் போறாருன்னு உக்காந்திருந்தேன்."

"அவர் குடிச்சிருந்தது உங்களுக்குத் தெரியலையா?"

"கண்ணுதாம்மா மங்கல். மூக்கு நல்லாத்தான் இருக்கு. அதான் உள்ள வராதீங்கன்னு சொல்லிட்டு நான் மட்டும் கூட்டத்தோட போனேன். பாவம், செருப்பைக் கழட்டிட்டு வாசல்லயே கும்பிட்டுக்கிட்டு நின்னாரு. துளசியைக் கொண்டாந்து பையில போட்டேன்."

என் வீட்டுக்காரர் நடுத்தெருவிலேயே அவர் காலில் விழுந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு இவரையும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"அந்த ஞாபகம் இனிமே வராதும்மா" என்றார் அவர். "காலி வயித்துல வேகமா குடிச்சா, நடப்பாங்க, பேசுவாங்க, ஆனா மூளை எதையும் பதிவு பண்ணாது. விட்டுடுறதுதான் நல்லது. முடியாதுன்னா சாப்பிட்டுட்டு, கொஞ்சமா, மெதுவா, நடுவுல தண்ணி குடிச்சுக்கிட்டு. மறுபடி ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா அப்புறம் ஒரு சொட்டும் கூடாது."

நான் கேட்ட ஞாபகம் என் வீட்டுக்காரர் தலையில் இருக்கவே இல்லை. அதனால்தான் அரங்கன் இவர் காலைக் காட்டினான்.

அடியோடு விட்டுவிட்டார் என்று எழுதினால் எனக்குப் பெருமைதான். ஆனால் பெருமாள் பெயரைச் சொல்லிப் பொய் எழுத மனம் வரவில்லை. எப்போதாவது ஒரு விசேஷத்தில், சாப்பிட்ட பிறகு, ஒரே ஒரு கிளாஸ். பக்கத்தில் தண்ணீர் பாட்டில். "அண்ணே, மருந்தா குடிக்கிறீங்க?" என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். வண்டி எடுக்கிற நாளிலும், யாராவது இவருக்காகக் காத்திருக்கிற நாளிலும் அதுவும் கிடையாது. அதற்குப் பிறகு அவர் ஞாபகத்திலிருந்து ஒரு நிமிஷம்கூடக் காணாமல் போகவில்லை.

தை மாதம், அப்பாவுக்கு இரண்டு கண்ணும் தெளிந்ததும், மூவரும் அரங்கனைச் சேவிக்கப் போனோம். இந்தத் தடவை இவரும் உள்ளே வந்தார். திரும்பும்போது பஸ்ஸில் வாய் ஓயவில்லை. திருவடியில் என்ன பூ, தீர்த்தத்தில் என்ன வாசனை, முன்னால் நின்ற குழந்தை எப்படிக் கை கூப்பியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நானும் கூடத்தானே மாப்பிள்ளை இருந்தேன்" என்று அப்பா சிரித்தார்.

"இருக்கட்டும் மாமா, சொல்லிப் பாக்குறேன். எல்லாம் அப்படியே இருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் நிறைந்திருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அரங்கனிடம் சண்டை போட்டாவது கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான். எனக்கு அப்பா கிடைத்தார். அப்பாவுக்கு மாப்பிள்ளை கிடைத்தார்.