திறமை விளையாட்டுக்கு நான் மேனேஜர்

சீட்டாட வைக்கிறது லேசு, அது சூதாட்டம் இல்லைன்னு சொல்லிக்கிட்டே ஆட வைக்கிறதுதான் பெரும்பாடு. அருப்புக்கோட்டையில ஒரு மனமகிழ் மன்றத்துக்கு நான் மேனேஜர். ரம்மிக் கூட்டம் குறைஞ்சதும் முதலாளி போக்கர்ங்கிற வெளிநாட்டுச் சீட்டாட்டத்தைக் கொண்டு வந்தார். வர்றவுகட்ட எல்லாம் 'திறமை விளையாட்டு'ன்னு சொல்லணும்னு உத்தரவு. தனக்கே நம்பிக்கையில்லாத சரக்கை விக்கிற எல்லாருக்கும் என் பாடு புரியும்.

கண்ணு பட்டுரும்

பரளச்சியில மானாவாரி வெள்ளாமை செய்யிற முனியாண்டி அண்ணன், மகளை நர்சிங் சேக்க வச்சிருந்த பணத்தோட வந்தார். பெருக்கிட்டுப் போறதா எண்ணம். நல்ல சீட்டு வந்தா மூஞ்சியில காட்டக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மனுசன் காட்டல. ரெண்டு ராஜா சேந்து வந்ததும் சீட்டைக் கவுத்து வச்சுட்டு, அந்த ஆட்டத்தை விட்டே விலகிட்டார். இம்புட்டு நல்லது ஒண்ணா வந்தா கண்ணு பட்டுருமாம். கொஞ்சம் திறமையைக் காட்டச் சொன்னேன்.

"மழைய நம்பிப் பருத்தி போடுறவன்ட்ட திறமை எங்கப்பா மிச்சம் இருக்கும்?" என்றார்.

நெசம் பேசி ஜெயிச்சவர்

அவருக்கு எதிரே பந்தல்குடி பலசரக்குக் கடை அண்ணாச்சி. கையில ஒரு நல்ல சீட்டும் இல்லாம பெருசா பணத்தைக் கட்டிட்டு, "சத்தியமா எங்கிட்ட ஒண்ணுமில்ல, பயப்படாதீக" என்றார். அத்தனை பேரும் பயந்து விலகிட்டாக, முனியாண்டி அண்ணன் முதல் ஆளா. மேசையில இருந்த பணம் பூராம் அண்ணாச்சிக்கு. திருப்பிப் பாத்தா நெசமாவே ஒண்ணுமில்ல. எனக்கே வயித்தெரிச்சல்.

"கடையில இத்தன வருசமா நெசத்தத்தான் சொல்றேன், ஒருத்தனும் நம்புனதில்ல. அதையே இங்க வச்சு ஆடுனேன், அம்புட்டுத்தான்" என்றார் அண்ணாச்சி.

சீட்டு எப்ப விழும்?

ஒரு மத்தியானம் முனியாண்டி அண்ணன் சம்சாரம் பஸ்ஸேறி வந்துட்டாக. பணம் எங்கன்னு வீட்டுல கேட்டதுக்கு, "டவுனுல சீட்டுல போட்டிருக்கேன்"னு அண்ணன் சொல்லியிருக்கார். பொய்யில்லதான். அக்கா அதை ஏலச்சீட்டுன்னு எடுத்துக்கிட்டாக.

"எங்க சீட்டு எப்ப விழும் தம்பி? காலேஜுல பணம் கட்டச் சொல்லிட்டாக."

பழக்கதோசத்துல, "இது சூதாட்டம் இல்லக்கா, திறமை விளையாட்டு. அண்ணனுக்குத் திறமை பத்தல, அதான் எல்லாம் போயிருச்சு"ன்னு உளறிட்டேன்.

அவுக மேசையைப் பாத்தாக, என்னையப் பாத்தாக.

"சூதுன்னா விதின்னு விட்டுட்டுப் போயிருவேன். திறமையில்லாத மனுசன்னு தெரிஞ்சுதான தம்பி உக்கார வச்சீக?"

திறமையில்லாதவுக வரலைன்னா எங்க மன்றத்துல கரண்டு பில்லுக்கே வழியிருக்காதுங்கிறதை அந்த அக்காட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்?