தங்கச்சிக்கு வைத்த கதிரை

ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை. ஆஸ்திரேலியாவில், பிளாக்டவுனில் நான் தாதியாக வேலை செய்யும் டயாலிசிஸ் பிரிவில், ஜன்னலோரக் கட்டிலின் பக்கத்தில் அது எப்போதும் வெறுமையாகவே இருக்கும். யாராவது இழுத்தால், இயந்திரத்தோடு பிணைந்து கிடக்கும் பெரியவர் கையை உயர்த்துவார். "அது தங்கச்சிக்கு." கதிரைக்குத் தட்டுப்பாடான இடம், எனக்கு எரிச்சல்தான் வரும்.

அவரை எல்லோரும் அங்கிள் என்போம். நாட்டின் வட முனையில், டொரஸ் நீரிணைத் தீவொன்றின் ஆதிக்குடி. எதிரே, கண்ணுக்கெட்டும் தூரத்தில் பப்புவா நியூகினிக் கரை. இரண்டு பக்கமும் அவருடைய சனம்தான். மாறி மாறிப் பெண் கொடுத்து எடுத்தவர்கள். தங்கச்சி அக்கரையில் வாழ்க்கைப்பட்டாள். பிறகு கடலில் விழுந்த எல்லைக்கோடு அவரை ஆஸ்திரேலியர் ஆக்கியது, அவளை வெளிநாட்டுக்காரி ஆக்கியது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் அவள் தீவுக்கு வரலாம், அதற்கு ஒப்பந்தம் உண்டு. அதைத் தாண்டித் தெற்கே வர முடியாது. தீவிலோ டயாலிசிஸ் இல்லை.

"அக்கரைக்குப் போனால் ஆஸ்திரேலியாக்காரன் எண்டுறாங்கள். இங்கை, நீ எந்த நாடெண்டு கேக்கிறாங்கள். அவள் ஒருத்திக்குத்தான் நான் அண்ணன்." அவர் ஆங்கிலத்தில் சொன்னதெல்லாம் எனக்கு மன்னார்த் தமிழாகவே கேட்டது. எங்கள் கடலிலும் ஒரு கோடு இருக்கிறது. சண்டைக்காலத்தில் படகேறிய என் அக்கா இன்னும் தமிழ்நாட்டு முகாமில் அகதி. அவள் பிள்ளைகள் ஆமா என்கிறார்கள், நான் ஓம் என்கிறேன். அவளை இங்கே ஒருமுறை கூப்பிட்டுவிட வேண்டுமென்று அலைந்து அலைந்து எனக்கு அலுத்துவிட்டது.

அங்கிளுக்கும் அலுத்தது. ஒருநாள் டாக்டரிடம், "மெஷினை நிப்பாட்டுவம். நான் ஊருக்குப் போறன்," என்றார். நிறுத்தினால் சில நாள்தான் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். "தெரியும். அவளுக்குக் கடல் கிட்டத்தானே, வந்திடுவாள்." அழக்கூடாத வேலை என்னுடையது. அன்று அழுதேன்.

அவருடைய மருமகள் பிறகு ஒரு படம் அனுப்பினாள். தீவு வீட்டில் பாய் விரித்திருக்கிறது. வெறுந்தரையில் சப்பணமிட்டிருக்கும் நரைத்த பெண்ணின் மடியில் அங்கிளின் தலை. கண் திறந்திருக்கிறது. மறுநாள் போய்விட்டாராம்.

இப்போது அந்தக் கட்டிலில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். நேற்று அவர் மனைவி கதிரையில் கை வைத்தபடி கேட்டார்.

"பிள்ளை, இது ஆருக்கும் வேணுமோ?"

அக்காவுக்கு என்று வாய் வரை வந்துவிட்டது.

"இல்லை அன்ரி. நீங்கள் இருங்கோ."