மேலே ஒரு மைனஸ், கீழே ஒரு மைனஸ்

என் வீட்டுக்காரர் ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். கல்யாணத்தின்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குன்னத்தில் சின்ன வெங்காயம் போட ஏழாவது போதும். ஆனால் மழை ஏமாற்றும் வருஷங்களில் அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார். பொங்கலுக்கு வந்தால், மகள் யாரோ என்று பார்த்து என் பின்னால் ஒளிவாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அரியலூர்ப் பக்கம், வீட்டிலிருந்தே தினமும் போய்வரும் தூரத்தில், ஒரு சிமென்ட் ஆலையில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். எட்டாவது பாஸ் வேண்டும். தனித்தேர்வு எழுதுங்கள், நான் சொல்லித் தருகிறேன் என்றேன். பெண்டாட்டியிடம் பாடம் படிப்பதா என்று கூச்சப்பட்டார். அப்படியானால் திருப்பூருக்கே போங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் அவரே புத்தகம் வாங்கி வந்தார்.

மற்றதெல்லாம் வந்துவிட்டது. அடுக்குக் கணக்கில்தான் வண்டி நின்றது. மைனஸ் இரண்டின் அடுக்கு மைனஸ் மூன்று என்னவென்று கேட்டால், எட்டு என்பார். எத்தனை முறை போட்டாலும் எட்டுதான். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ரெண்டு மைனஸும் எங்கே போச்சு என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

அப்போது களத்தில் வெங்காயம் அறுத்துக்கொண்டிருந்தோம். காய்ந்த வெங்காயத்தில் மேலே இருக்கும் தாளையும் கீழே இருக்கும் வேரையும் ஒரே வாக்கில் அறுத்துப் போடவேண்டும். அவர் கை நிற்கவே இல்லை.

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு இருந்துச்சு. ரெண்டையும் அறுத்துட்டேன் புள்ள" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோபமும் போய்விட்டது. கத்தியை வைக்கச் சொல்லிவிட்டு, சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டினேன். மேலே அடுக்கில் இருக்கும் மைனஸ், எண்ணைத் தலைகீழாகக் கவிழ்க்கும். எட்டு, எட்டில் ஒன்றாகிவிடும். கீழே இருக்கும் மைனஸை அது தொடாது. அதை இரண்டு முறை பெருக்கினால் மறையும், மூன்று முறை பெருக்கினால் நிற்கும். ஆகவே விடை மைனஸ் எட்டில் ஒன்று. அதன்பிறகு சாப்பிடும்போதுகூடத் தட்டில் விரலால் கணக்குப் போட்டார். அந்த முகத்தைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும். சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்று சொல்லவில்லை.

தேர்வு பெரம்பலூரில். பள்ளிக்கூட வாசலில் மகளோடு காத்திருந்தேன். வெளியே வந்தவர், அந்தக் கணக்கு வந்துவிட்டது என்றார். மைனஸ் மூன்றின் அடுக்கு எக்ஸ் என்பது மைனஸ் இருபத்தேழில் ஒன்று, எக்ஸ் எவ்வளவு? நான் சொல்லித் தந்ததைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தார்கள். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"இருவத்தேழு கவுந்து கெடக்கு, அப்ப அடுக்குல மைனஸ் இருக்கு. முன்னாடி மைனஸ் அழியாம நிக்குது, அப்ப ஒத்தப்படை. மைனஸ் மூணுன்னு எழுதிட்டேன்."

நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாஸ் ஆனார். ஆலையிலும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரமே திருப்பூர் கான்ட்ராக்டர், எப்போது கிளம்பி வருகிறாய் என்று கேட்டு போன் செய்தார். இவர் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வேற ஆள பாத்துக்குங்கண்ணே. நான் இனிமே வூட்டுலதான் இருப்பேன்."