ஸ்டெல்லா எழுதித் தந்த ரீடிங்

தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்புக்குப் போன எங்கள் கம்பெனிப் பம்ப் திரும்பி வந்தது. டெஸ்ட் ரிப்போர்ட்டில் போட்டிருந்த அளவுக்கு அது தண்ணீர் தள்ளவில்லை. மறுபடி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். தோப்புக்காரர் சொன்னதுதான் சரி.

மேனேஜர் என்னையும் ஸ்டெல்லாவையும் கூப்பிட்டார். ஸ்டெல்லா பதினாறு வருடமாக டெஸ்ட் பெஞ்சில் மீட்டர் பார்ப்பவர். காரமடையிலிருந்து பஸ்ஸில் வருவார். ரீடிங்கைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். நான் எக்செல்லில் ஏற்றி ரிப்போர்ட் எடுத்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

"ரீடிங் தப்புங்களா, ஷீட் தப்புங்களா?" என்றார் மேனேஜர்.

"ஷீட்டு தப்புப் பண்ணாதுங்க சார்" என்றேன். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் பாத்ததத்தானுங்க எழுதிக் குடுத்தேன்" என்றார் ஸ்டெல்லா. காட்டுவதற்குச் சீட்டு இல்லை. மறுநாளே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த ஷீட் நான் போட்டது. ரீடிங்கைக் கொடுத்தால் பார்முலா மற்றதைக் கணக்கிடும். ஆனால் டீலருக்குப் போகும் ரிப்போர்ட்டில் பார்முலா இருக்கக் கூடாது. அதற்காக ஒரு மேக்ரோ எழுதியிருந்தேன். பட்டனைத் தட்டினால் விடைகளை மட்டும் காப்பி எடுத்து, புது ஷீட்டில் வெறும் எண்ணாக ஒட்டிவிடும், அதாவது பேஸ்ட் வேல்யூஸ். வேகமாக ஓடுவதற்காக மேக்ரோவின் முதல் வரியில் கால்குலேஷனை மேனுவலுக்கு மாற்றி, கடைசி வரியில் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்பியிருந்தேன். மேனுவலில் இருக்கும்வரை, நாமாகச் சொன்னால் ஒழிய எக்செல் புது விடை போடாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் ரீடிங்கை மாற்றினேன். விடை நகரவில்லை. மேக்ரோ பாதியிலேயே எரர் அடித்து நின்றிருந்தது. கடைசி வரி ஓடாததால் கால்குலேஷன் மேனுவலிலேயே கிடந்தது. அந்த நிலையில் பட்டனைத் தட்டினால் முந்தைய பம்பின் விடை புதுப் பம்பின் பெயரில் ஒட்டிக்கொள்ளும். வெறும் எண்தானே, பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

தோப்புப் பம்பின் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். அதற்கு முந்தைய ரிப்போர்ட்டும் அதுவும் புள்ளிக்குப் பிறகு வரும் எண் வரைக்கும் ஒன்றாக இருந்தன.

எரர் வந்தாலும் கால்குலேஷன் திரும்பும்படி மேக்ரோவைத் திருத்தினேன். பத்து நிமிட வேலை. வேறு ரிப்போர்ட் எதிலும் இப்படி நடக்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே ஒன்றரை மாதம் ஓடிற்று.

ஒரு மதியம் ஸ்டெல்லா என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்கண்ணா, ஒரு சந்தேகமுங்க. எனக்குத்தான் பார்வை மங்கிப்போச்சோன்னு போன வாரம் லீவு போட்டுட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தனுங்க. கண்ணு நல்லா இருக்குதுன்னுட்டாங்க. அப்புறம் எப்படீங்க தப்பு வந்திருக்கும்?"

"எப்பவாச்சும் அப்படி ஆயிருமுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். என் வேலைக்காலத்தில் நான் சொன்ன மிக மோசமான பொய் அது.

மறுநாள் காலையில் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரி விடுங்க, இப்ப எதுக்குங்க அதைக் கெளறிக்கிட்டு. அடுத்த வாரம் அந்தம்மாவைப் பெஞ்சுக்கே மாத்திரலாம்" என்றார். எனக்கு அது போதவில்லை. கேன்டீனில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவிடம் போய், தப்பு என்னுடைய மேக்ரோவில்தான் என்று சொன்னேன்.

அவர் டிபன் பாக்ஸை மூடினார். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"ஒன்றரை மாசம் ஆச்சுங்க."

"அப்ப, நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

அவர் திட்டவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பெஞ்சுக்குத் திரும்பிய பிறகு ரீடிங்கை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் கையெழுத்து வாங்கினார். நான் ரிட்டயர் ஆகும் நாள் வரைக்கும் வாங்கினார். அதன் பிறகு ஒரு தடவைகூட என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வேல்யூஸை மட்டும் ஒட்டும் முன் ஒரு முறை கால்குலேட் கொடுங்கள், மூல ரீடிங்கைப் பத்திரமாக வையுங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால், தெரிந்த அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். மேக்ரோவைத் திருத்த எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. அந்த ஒன்றரை மாதத்தைத் திருத்த எனக்கு வழி கிடைக்கவில்லை.