நாக்கில் படாத காகிதம்

போன வருஷம் தீபாவளி சீசன் முடிந்து சிவகாசி பட்டாசு கம்பெனிகள் ஓய்ந்திருந்த நேரம். நான் மதுரையில் உணவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். நடுக்குவாதம் வந்தவர்களுக்கு நாக்கின் ருசி எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆய்வு. சொந்த ஊர் சிவகாசி பக்கத்து ஆமத்தூர் என்பதால், சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குப் போய்ச் சோதிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நம்ம ஊர் ஆட்களை நம்மைவிட யாருக்குத் தெரியும் என்ற திமிர்!

சோதனை எளிதுதான். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு ஏற்றிய வெள்ளைக் காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுப்பேன். நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டு, என்ன ருசி என்று சொல்ல வேண்டும். சிவகாசிக்கு வெளியே ஒரு வீட்டில், முப்பது வருஷம் பட்டாசுக்கு மருந்து கலந்த ஒருவர் நான்கு துண்டுக்கும் "ஒண்ணும் தெரியலத்தா" என்றார். வரிசையாகப் பூஜ்யம் போட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்தேனா? "ஐயாவுக்கு ருசியே போயிடுச்சும்மா" என்று அவர் மனைவியிடம் பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் சோதனைக்குப் போனால், மனிதர் பாதியாக இளைத்திருந்தார். அந்த அம்மா கஞ்சியை ஊட்ட, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே சொன்னீக, ருசி தெரியாதுன்னு. பெறவு கொழம்பு எதுக்கு, வெஞ்சனம் எதுக்கு? வெறுங்கஞ்சிதான். அதையும் 'உப்பில்ல, உப்பில்ல'ன்னு தள்ளுறாக. நாக்கு அம்புட்டுச் செத்துப்போச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அறிவாளி போலத் தலையாட்டினேன்.

படிவத்தை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. வெறும் காகிதத் துண்டு ஒன்றை உதட்டில் கவ்விக்கொண்டு பையைத் துழாவினேன்.

"ஏத்தா! காயிதத்த வாயில வைக்காத! மருந்து ஒட்டியிருக்கும்ல!"

பேச்சே எழும்பாத மனிதர் போட்ட சத்தத்தில் துண்டு கீழே விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "போன தடவை நான் கொடுத்ததை நாக்கில் வைத்தீர்களா?" என்று கேட்டேன். மாட்டிக்கொண்டவர் போலச் சிரித்தார்.

"உதட்டுக்குள்ள இடுக்கிக்கிட்டேன். நாக்குல படவிடல. படிச்ச புள்ள ஆசையாக் குடுக்க, வேண்டாம்னா மூஞ்சி வாடிருமேன்னு..."

கம்பெனியில் காகிதம் பட்ட கை வாய்க்குப் போகக் கூடாது. எங்கள் அம்மாவும் பட்டாசு வேலைக்குப் போனவர்தான். சோப்புப் போட்டுக் கழுவாமல் தட்டைத் தொட மாட்டார். அதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

"அம்மா, கஞ்சியில உப்புப் போட்டீங்களா?"

"தெரியாதவுகளுக்கு எதுக்கு உப்பு?" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுப்படிக்கு ஓடினோம். நான்கு டம்ளரில் நான்கு ருசியாகத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கரண்டியால் கொடுத்தேன்.

"உப்பு!" என்றார். அடுத்தது, "புளிதான!" மூன்றாவதுக்குக் கொஞ்சம் யோசித்து, "சீனி. கம்மியாப் போட்டிருக்கீக" என்றார். நான் குதிக்காத குறை! வேப்பிலைத் தண்ணீரை மட்டும், "பச்சத் தண்ணி" என்று டம்ளரோடு வாங்கி மடமடவென்று குடித்துவிட்டார். நோய் தின்றது கசப்பை மட்டும்தான்.

அன்று மத்தியானம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. அவர் இரண்டாம் முறை சோறு கேட்டபோது அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான். பழைய படிவத்தை அடித்துவிட்டு, என் தவறையும் சேர்த்து எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தேன்.

இன்றைக்கும் யாருக்காவது பூஜ்யம் போடக் கை போகும்போதெல்லாம், என் ஒரு பேச்சால் அவர் குடித்த அந்த மூன்று மாத உப்பில்லாக் கஞ்சி என் தொண்டையில் வந்து நிற்கிறது.