பிரைட் வேறு, பிரிஸ்க் வேறு

எங்கள் குவார்ட்டர்ஸின் குசினி ஜன்னலில் ஒரு கரண்டி இருக்கிறது. தேநீரைச் சுவை பார்க்கிற கரண்டி. வட்டமாக, நல்ல குழிவாக, பிடியில் மினுக்கம் போய்க் கிடக்கும். என் மனைவி அதைக் குழம்புக்கு எடுத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். "தங்கத்துலயா செஞ்சிருக்கு?" என்பாள். தங்கமில்லைதான். எனக்கு முன் இதே வீட்டில் குடியிருந்த டீமேக்கர் ஐயா விட்டுப்போனது அது.

ஹட்டனுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் கொழுந்து வாடுவது முதல் தூளாகிப் பையில் விழுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. நான் அவருக்கு அடுத்த ஆள். முதல்நாள் தூளைக் காலையில் சாயம் இறக்கி, வெள்ளைக் கோப்பைகளில் வரிசையாக ஊற்றி வைப்போம். தொரை, அதாவது எங்கள் மெனேஜர், வந்து நிற்பார். ஐயா ஒவ்வொரு கோப்பையாக உறிஞ்சித் துப்பிவிட்டு ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல்லை வைத்துத்தான் அன்றைய வேலை நடக்கும். நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் பிரைட்டும் பிரிஸ்க்கும் அண்ணன் தம்பி மாதிரி, எதைச் சொன்னாலும் சரி. சேர்ந்த புதிதில் பளபளவென்றிருந்த ஒரு கோப்பையைப் பார்த்து "பிரிஸ்க்" என்றேன். ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாயிலயே வைக்காம எப்புடிப்பா சொல்றீங்க? பிரைட்டு கண்ணுக்கு, பிரிஸ்க்கு நாக்குக்கு." பிரைட் என்றால் சாயம் தெளிவாக மின்ன வேண்டும். பிரிஸ்க் என்றால் நாக்கைச் சுண்ட வேண்டும். மின்னாதது டல், சுண்டாதது ஃப்ளாட். டல் என்றால் மெஷினைக் கழுவு, ஃப்ளாட் என்றால் அரைத்த கொழுந்தை அதிக நேரம் போட்டுவைத்துவிட்டாய். ஒன்றை மற்றதாகச் சொன்னால் அடுத்த நாள் கொழுந்தும் பாழ். இந்தச் சொற்களில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார், தொரைக்குக்கூட.

அப்படிப்பட்டவருக்குத்தான் கொரோனா வந்து போனபின் வாசமும் ருசியும் திரும்பவில்லை. ட்ரையரின் இரைச்சலுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய்ச் சொன்னார். "சூடு மட்டுந்தான் தெரியுது தம்பி. வேற ஒண்ணுமே தெரியல." அவருடைய மகள் அந்த வருடம் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சை எழுத வேண்டும். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும், போய் இருக்க வேறு வீடு கிடையாது. "இந்த வீடு என் நாக்கு மேலதாங்க நிக்குது. புள்ள பரீட்சை எழுதுற வரைக்கும் நின்னாப் போதும்."

அன்றிலிருந்து தொரை வருவதற்கு முன் எல்லாக் கோப்பைகளையும் நான் உறிஞ்சிப் பார்த்து அவருக்குச் சொல்லிவிடுவேன். நான் சொன்னதை அவர் தொரைக்குச் சொல்வார். நல்ல ஏற்பாடு என்றுதான் முதலில் நினைத்தோம். போகப் போகத்தான் அது எங்கள் இருவரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது என்று புரிந்தது. எனக்குச் சளி, தடிமன் பிடிக்கக்கூடாது, நான் லீவு போடக்கூடாது, ஊரில் கலியாணம் காட்சிக்குப் போகக்கூடாது. அவர் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டவும் முடியாது. அங்கே பாதிப்பேர் தெரிந்தவர்கள், அவர் வீடு திரும்புமுன் சேதி தொரையிடம் வந்துவிடும். இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அவர் போனால் அந்த வேலை எனக்குத்தான். நான் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் முடிந்தது கதை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒவ்வொரு காலையும் அவர் கோப்பையைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வெளியே பனிமூட்டம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே நாங்கள் இருவரும் ஒரே நாக்கை வைத்துக்கொண்டு பிழைத்தோம்.

பரீட்சை நெருங்கிய நேரம். ஒருநாள் தொரை பக்கத்துத் தோட்டத்துத் தூளைக் கையோடு கொண்டுவந்து, தன் முன்னாலேயே சாயம் இறக்கச் சொன்னார். நான் அதை ருசி பார்க்க வழியில்லை. ஐயா கோப்பையைப் பார்த்தார், உறிஞ்சினார், துப்பினார்.

"பிரைட், சார்."

"பிரிஸ்க்கா?"

ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பாதிக்குப் பாதி தப்பிக்கலாம். "சொல்லிவிடுங்க ஐயா, எதையாவது சொல்லிவிடுங்க" என்று எனக்குள் கத்தினேன். நான் வாயைத் திறந்தால் அவர் மாட்டிக்கொள்வார், திறக்காவிட்டாலும் மாட்டிக்கொள்வார். அவர் கரண்டியைத் துடைத்து மேசையில் வைத்தார்.

"தெரியல சார். பிரைட்டு, அது தெரியுது. அதுக்கு மேல எனக்குத் தெரியல."

அத்தனை மாதம் என் சொல்லைத் தன் சொல்லாகச் சொன்னவர், தெரியாத ஒரு சொல்லை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். தொரை கெட்ட மனிதரில்லை, சத்தம் போடவில்லை. ஐயாவை அந்த மாதத்தோடு நிற்கச் சொன்னார், வேலையை எனக்குக் கொடுத்தார், உடனே அவருடைய குவார்ட்டர்ஸுக்கு மாறச் சொன்னார். நான் கூரை ஒழுகுகிறது என்றேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றேன், குடிபோக நாள் சரியில்லை என்று மனைவி சொல்கிறாள் என்றேன். ஐயாவின் மகள் கடைசிப் பாடம் எழுதிவிட்டு வந்த பிறகுதான் எங்கள் சாமான் வந்து இறங்கியது. ஐயா சாவியோடு கரண்டியையும் என் கையில் வைத்துவிட்டு லொறியில் ஏறினார்.

இப்போது நானுஓயாவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன். வாசம் கொஞ்சம் திரும்பியிருக்கிறதாம். "டீசல் வாசம் நல்லா வருது தம்பி. டீ வாசம்தான் இன்னும் வரல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பிள்ளைகள் இன்னும் சின்ன வகுப்புகளில்தான் படிக்கிறார்கள். காலையில் எழுந்ததும் ஜன்னலிலிருந்து அந்தக் கரண்டியை எடுத்து, கொஞ்சம் சாயம் அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுகிறேன். பிரைட்டா என்று நான் பார்ப்பதே இல்லை. நாக்கில் அது சுண்டும்வரை, "அப்பா" என்று கூப்பிடுகிற பிள்ளைக்குக்கூட நான் பதில் சொல்வதில்லை.