ஒரே டோக்கன், இரண்டு வரி

விருத்தாசலத்தில் செராமிக் பட்டறைகள் இருக்கும் பக்கம், ஒரு மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். மற்றவர்கள் அனுப்பும் பட்டியல்களை டேட்டாபேஸில் ஏற்றுவது என் வேலை. ஜன்னலைத் திறந்தால் கீபோர்டில் வெள்ளைத் தூசி படியும், அதனால் திறக்க மாட்டேன். திறக்க ஒரு ஜன்னலும் மூட ஒரு ஜன்னலும் இல்லாதவர்கள் கீழே பட்டறையில் இருந்தார்கள்.

அவர்களுக்காக ஒரு அறக்கட்டளை நுரையீரல் முகாம் நடத்தியது. பட்டறை பட்டறையாகப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள். முடிவுகளை நான் ஏற்ற வேண்டும். 'மறுபரிசோதனை' என்று யாருக்கு விழுந்திருக்கிறதோ அவர்களை மட்டும் ஒரு வேன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும்.

என் சித்தியும் ஊதினாள். அம்மாவின் தங்கை. காய்ந்த பொம்மைகளை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை அவளுக்கு. சித்தப்பா அதே பட்டறையில் சூளையில் சரக்கு அடுக்குகிறவர். ஒரு வருடமாகச் சித்திக்கு இருமல். "வேனுல என்னை கூப்புடுவாங்களா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பட்டியல் வரட்டும் என்றேன்.

அதுவரை நான் ஏற்றிக்கொண்டிருந்தது ஆமை வேகம். ஒரு வரியைப் போடும், சேமிக்கும், பிறகுதான் அடுத்த வரி. ஒவ்வொரு வரிக்கும், தேடுவதற்கு வைத்திருக்கும் அட்டவணையான இன்டெக்ஸ் வேறு புதிதாகத் திருத்தப்படும். போதாக்குறைக்கு, பட்டறையில் வேலையாளுக்குக் கொடுக்கும் டோக்கன் நம்பர் ஒன்றே இரண்டாவது தடவை வந்தால் அங்கேயே நின்றுவிடும். நான் முகாம் நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். நின்ற இடமெல்லாம் பெரும்பாலும் ஒரே ஆளை அவர் இரண்டு தடவை டைப் அடித்ததாகத்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

"திங்கக்கெழம வேன் வருது. வெள்ளிக்குள்ள எல்லாம் ஏறியிருக்கணும்மா," என்றார் மேனேஜர்.

உட்கார்ந்து மாற்றினேன். ஆயிரம் ஆயிரம் வரியாக மொத்தமாக அனுப்பினேன். இன்டெக்ஸ்களைக் கழற்றிவிட்டு, எல்லாம் ஏறிய பிறகு திரும்பப் போட்டேன். டோக்கன் நம்பரை மட்டும் கழற்ற முடியாது, அதை வைத்துத்தான் ஆளையே அடையாளம் காண்பது. ஆனால் ஒரு நம்பர் இரண்டாவது தடவை வந்தால் ஆயிரம் வரியும் திரும்பி வந்துவிடும். அதற்கும் ஒரு வழி செய்தேன்: நம்பர் ஏற்கெனவே இருந்தால் பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை எழுது. முன்பு ஒரு பகல் முழுக்க ஓடிய வேலை, இப்போது நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மேனேஜர் ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேனுக்கான பட்டியலில் சித்தி பேர் இல்லை. நானே போய்ச் சொன்னேன். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல," என்று அன்றைக்கு வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஆறு மாதம் கழித்துப் படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். இங்கே எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "முகாமுக்கெல்லாம் போகலையா நீங்க?" என்று கேட்டார். போனோம், நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள் என்றேன். அவர் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்போதே வந்திருந்தால் இந்தத் தூசியிலிருந்தாவது வெளியே எடுத்திருக்கலாம் என்றார்.

ஆபீஸுக்குப் போய் நர்ஸ் அனுப்பிய பழைய ஃபைலைத் திறந்தேன். சித்தப்பாவின் டோக்கன் நம்பரைத் தேடினேன். இரண்டு வரி வந்தது. முதல் வரியில் சித்தி பேர், மறுபரிசோதனை. அதற்கு அடுத்த வரியில் சித்தப்பா, நலம்.

எங்கள் பட்டறைகளில் புருஷனோடு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி டோக்கன் கிடையாது. அவர் நம்பரில்தான் அவளும் உள்ளே போவாள். என் அம்மா பன்னிரண்டு வருடம் அப்பாவின் நம்பரில் போய்வந்தவள். சின்ன வயதில் சாயங்காலம் பட்டறை வாசலில் அந்த நம்பரைச் சொல்லித்தான் அம்மாவைக் கூப்பிடச் சொல்வேன். எல்லாம் தெரிந்த கழுதை நான். அந்த ஃபைலில் இன்னும் எத்தனை பெண்கள் அழிந்திருந்தார்கள் என்று தேடி, எல்லோர் பேரையும் அறக்கட்டளைக்கு அனுப்பினேன். அவர்களில் சிலரைத்தான் நேரில் கண்டுபிடிக்க முடிந்தது.

சித்தியிடம் மறைக்க என்னால் முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உன் வரியை அழித்தது நான்தான் என்று சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூச்சு வாங்கி வாங்கி, "அவரு வரி இருக்குது இல்ல? அதுலதான நானும் இருக்கேன், அழுவாத," என்றாள்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சீட்டு போட்டபோது கூட நின்றேன். அங்கேதான் முதல் தடவையாகச் சித்தி பேருக்கென்று தனியாக ஒரு நம்பர் கொடுத்தார்கள்.